பத்து வாரங்களுக்கு ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா? திட்டமிட்ட இடைவெளி பற்றி ஓர் ஐயம்

வராகநதி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. எனக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு. அந்த வைரசை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை 2008ஆம் ஆண்டு முதல் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் பெற்று வருகிறேன். தொடங்கியபோது என் சிடி4 எண்ணிக்கை, அதாவது நோயை எதிர்க்கும் இரத்த செல்களின் எண்ணிக்கை, 168. கடைசியாகப் பார்த்தபோது 640. இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோட் பரிசோதனையில் மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்களைத் தவிர நான் மாத்திரையைத் தவறவிட்டதில்லை.

என் மகளுக்கு அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். திருப்பூரில் மாமியார் வீட்டிலேயே பிரசவம் பார்ப்பதென்று முடிவாகியிருக்கிறது. மூத்த குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் நான் அங்கே சென்று பத்து வாரங்கள் தங்க வேண்டும். மகளுக்கு என் நிலை தெரியும். மருமகனுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் தெரியாது. அது கூட்டுக் குடும்பம். எனக்கென்று தனி அறையோ பூட்டக்கூடிய அலமாரியோ அங்கே இல்லை. சம்பந்தியம்மாவின் தம்பி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார், நாள்தோறும் வந்து போகிறவர். அந்த டப்பாவின் மேலுள்ள பெயரைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும். அப்படிப் புரிந்தால் என் மகளின் வாழ்க்கை என்னவாகும் என்ற நினைப்பில் பல இரவுகளாக எனக்கு உறக்கமில்லை.

எங்கள் சுயஉதவிக் குழுவின் அலமாரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவ இதழ் ஒன்று இருந்தது. சிடி4 எண்ணிக்கை 350க்கு மேல் உள்ளவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்திவிட்டு, 250க்குக் கீழே இறங்கும்போது மீண்டும் தொடங்கும் முறையை வெளிநாடுகளில் சோதித்து வருவதாக அதில் எழுதியிருந்தார்கள். எனக்கு 640 இருக்கிறது; நான் கேட்பதோ பத்து வாரம் மட்டுமே. திருட்டுத்தனமாக நிறுத்த எனக்கு மனமில்லை. முறைப்படி திட்டமிட்டு நிறுத்தி, திரும்பி வந்ததும் தொடங்கலாமா என்றுதான் கேட்கிறேன். அந்தச் சோதனையின் முடிவு என்னவாயிற்று? அந்த முறை இப்போதும் வழக்கத்தில் உள்ளதா? மையத்தில் கேட்டால் கடிந்துகொள்வார்களோ என்ற தயக்கத்தில் முதலில் இங்கே கேட்கிறேன்.

---

நொய்யல் (மறுமொழி 1)

அக்கா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அந்த ஆராய்ச்சிகளைப் பற்றித் தெரிந்தவர்கள் விளக்குவார்கள். எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

2011இல் எனக்கு எண்ணிக்கை 400ஐத் தாண்டியிருந்தது. நாட்டு மருந்து கொடுத்த ஒருவர், ஆங்கில மருந்தை ஒரு மண்டலம் நிறுத்தினால்தான் தம் மருந்து உடம்பில் பிடிக்கும் என்றார். நாற்பத்தெட்டு நாள்தானே என்று நிறுத்தினேன். அந்த நாற்பத்தெட்டு நாட்களும் நான் மிக நன்றாக இருந்தேன் என்பதுதான் இதில் முக்கியமானது. பசி எடுத்தது, வேலைக்குப் போனேன், மாத்திரை தந்து வந்த தலைசுற்றலும் நின்றிருந்தது. அதனால் மண்டலம் முடிந்த பிறகும் மையத்திற்குப் போக மனம் வரவில்லை. ஐந்தாம் மாதம் கழுத்தில் நெறி கட்டியது, சோதித்தபோது காசநோய். எண்ணிக்கை 190க்கு வந்திருந்தது. காசநோய் மருந்தையும் ஏ.ஆர்.டி.யையும் சேர்த்து விழுங்கிய அந்த ஆண்டை நான் மறக்க மாட்டேன்.

பத்து வாரம் என்று நீங்கள் எண்ணித்தான் போவீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மகளுக்கு உடம்பு தேற நாளாகும், இன்னும் ஒரு மாதம் இருங்கள் என்பார்கள். உடம்பும் எதையும் காட்டிக்கொடுக்காது.

---

ஆலமரத்தடி (மறுமொழி 2)

அம்மா, நான் பொதுமருத்துவர். சில ஆண்டுகள் ஏ.ஆர்.டி. மையத்தில் பணியாற்றியவன். நீங்கள் படித்தது பொய்யான செய்தியன்று. விடை தெரியாத காலத்தில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். விடை 2006இல் கிடைத்துவிட்டது. அது உங்கள் நிலைக்கு மிக நெருக்கமாக வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த எண்ணம் தோன்றியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. 1990களின் இறுதியில் பெர்லினில் ஒரு நோயாளி இடையிடையே மருந்தை நிறுத்தி, பிறகு முற்றிலும் விட்டபோதும் அவருடைய இரத்தத்தில் வைரஸ் பெருகவில்லை என்ற செய்தி 1999இல் வெளியாயிற்று. வைரசைச் சிறிது நேரம் தலைகாட்ட விட்டால், தடுப்பூசி போட்டதுபோல் உடலின் எதிர்ப்பாற்றல் பழகிக்கொள்ளும் என்ற நம்பிக்கை அதிலிருந்து வளர்ந்தது. சுவிட்சர்லாந்திலும் ஸ்பெயினிலும் 133 பேரிடம் எட்டு வாரம் மருந்து, இரண்டு வாரம் இடைவெளி என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் பழையபடி திரும்பியது. அந்த வழி அத்துடன் ஏறத்தாழ மூடிக்கொண்டது.

இரண்டாவது காரணம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. அன்றைய மருந்துகள் கொடுமையானவை. 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது தாம்பரம் உள்ளிட்ட மையங்களில் பலருக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்ட வைத்தது. பாதங்களில் நெருப்பை மிதித்ததுபோல் எரிச்சலைத் தந்தது. நீங்கள் 2008இல் தொடங்கியவர் என்பதால் அதை நேரில் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை அனுபவித்தும் இருப்பீர்கள். எண்ணிக்கை நன்றாக இருக்கும் காலத்தில் இந்த மருந்துகளிலிருந்து உடலுக்கு ஓய்வு கொடுத்தால் இதயத்தையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றலாம், செலவும் குறையும் என்று அக்கறையுள்ள மருத்துவர்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கைகொட்டி நகைக்க எனக்கு மனமில்லை. அந்த நாளில் நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

அதைச் சோதித்ததுதான் ஸ்மார்ட் என்று பெயர் பெற்ற ஆய்வு. 2002 ஜனவரியில் தொடங்கி, 33 நாடுகளில் 5,472 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதியினர் மருந்தை இடைவிடாமல் எடுத்தார்கள். மறு பாதியினர் உங்கள் இதழில் இருந்த விதிப்படியே எண்ணிக்கை 250க்குக் கீழே வரும்வரை நிறுத்தி, 350ஐத் தாண்டும்வரை எடுத்து, மறுபடி நிறுத்தினார்கள். சேர்ந்தபோது அவர்களுடைய நடுமட்ட சிடி4 எண்ணிக்கை 597. உங்களுடைய 640ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் முற்றியவர்களை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. உங்களைப் போல் நன்றாக இருந்தவர்களையே தேர்ந்தெடுத்தார்கள்.

பல ஆண்டுகள் நடக்க வேண்டிய அந்த ஆய்வை 2006 ஜனவரியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சராசரியாக 16 மாதக் கண்காணிப்பில், இடைவெளி விட்டவர்களில் 120 பேருக்குச் சந்தர்ப்பவாதத் தொற்றோ (எதிர்ப்பாற்றல் குறைந்த உடலைத் தாக்கும் தொற்று) மரணமோ நேர்ந்திருந்தது. தொடர்ந்து எடுத்தவர்களில் 47 பேருக்கு. இறப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் 55 பேர், 30 பேர். எவருமே எதிர்பாராதது இன்னொன்று: இதயம், சிறுநீரகம், கல்லீரல் தொடர்பான கடும் நோய்கள் இடைவெளி விட்டவர்களுக்கே ஏறத்தாழ 1.7 மடங்கு அதிகமாக வந்தன. எந்த உறுப்புகளைக் காப்பாற்ற மருந்தை நிறுத்தினார்களோ அந்த உறுப்புகளே அடி வாங்கின.

காரணம் பின்னர் ஓரளவு தெளிவாயிற்று. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வைரஸ் இரத்தத்தில் பெருகிவிடுகிறது. மருந்து வைரசை அடக்கி வைத்திருந்தாலும், நினைவாற்றல் கொண்ட சில சிடி4 செல்களுக்குள் அது உறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழுவதும் தீர ஒரு மனித ஆயுள் போதாது. பதினைந்து, பதினெட்டு ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை எடுத்தவருக்கும் இதுவே நிலை. இப்படிப் பெருகும் வைரஸ் உடல் முழுவதும் ஓர் அழற்சியைக் கிளப்புகிறது. ஸ்மார்ட் ஆய்வில் சேமித்து வைத்திருந்த இரத்தத்தைச் சோதித்தபோது, நிறுத்திய ஒரே மாதத்திற்குள் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளும், இரத்தம் உறையும் போக்கைக் காட்டும் டி-டைமரும் உயர்ந்திருந்தன. அவை உயர்ந்தவர்களிடம் மரண அபாயமும் கூடியிருந்தது. நொய்யல் எழுதியதுபோல், அந்த மாதத்தில் அவர்கள் எதையும் உணர்ந்திருக்க மாட்டார்கள்.

ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜானில் நடந்த ட்ரிவாக்கன் ஆய்வை நாம் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கும் 250, 350 என்ற அதே எல்லைகள்தாம். நூறு பேரை ஓராண்டு பார்த்த கணக்கில், தொடர்ந்து எடுத்தவர்களிடம் கடும் நோய் 6.7 முறை வந்தது. இடைவெளி விட்டவர்களிடம் 17.6 முறை. பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்றுகள்; காசநோயும் இருந்தது. காசநோய் நிறைந்த நம் நாட்டிற்கு அமெரிக்கப் புள்ளிவிவரத்தை விட அபிஜானின் புள்ளிவிவரமே நெருக்கமானது என்பது என் கருத்து. உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் பன்னிரண்டு வாரம் மருந்து, பன்னிரண்டு வாரம் ஓய்வு என்று சோதித்த டார்ட் ஆய்வின் அந்தப் பகுதியையும் 2006 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். நீங்கள் கேட்கும் பத்து வாரத்திற்கு மிக அருகில் உள்ளது அதுதான்.

உங்கள் தனிப்பட்ட நிலைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் 168 வரை இறங்கிய எண்ணிக்கை, மருந்தை நிறுத்தினால் மற்றவர்களுக்கு இறங்குவதை விட வேகமாக இறங்கும். அந்த வீழ்ச்சி மிக விரைவாக இருப்பதும் முதல் இரண்டு மாதங்களில்தான். அதாவது நீங்கள் திட்டமிட்டிருக்கும் அதே வாரங்களில். மீண்டும் தொடங்கினால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஸ்மார்ட் ஆய்வில் நிறுத்தியவர்களை மீண்டும் மருந்துக்குக் கொண்டுவந்த பிறகு அபாயம் குறைந்தது. ஆனால் தொடர்ந்து எடுத்தவர்களின் நிலைக்கு அது முழுவதும் இறங்கவில்லை.

மருந்து எதிர்ப்பை, அதாவது வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போவதை, காட்டி உங்களை நான் அச்சுறுத்தப் போவதில்லை. பழைய நெவிரபினும் எஃபாவிரென்சும் இரத்தத்தில் நெடுநாள் தங்குபவை. எல்லா மருந்துகளையும் ஒரே நாளில் நிறுத்தினால் அவை மட்டும் தனியே எஞ்சி நின்று எதிர்ப்பை வளர்த்துவிடும். இப்போது உங்களுக்கு டோலுடெக்ராவிர் உள்ள ஒற்றை மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கருதுகிறேன்; அதில் அந்த ஆபத்து மிகவும் குறைவு. ஒன்றை மட்டும் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களுக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்திருக்கிறார்களா? அந்த மாத்திரையில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரசையும் அடக்கி வைப்பவை. அந்தத் தொற்று உள்ளவர் மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் திடீரெனக் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

எனவே உங்கள் கேள்விக்கு என் விடை: அந்த முறை இப்போது வழக்கத்தில் இல்லை. 2006க்குப் பிறகு எந்த வழிகாட்டு நெறியும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

---

நெய்தல் (மறுமொழி 3)

நான் மருத்துவர் அல்லன், புள்ளியியல் கற்பிப்பவன். என் நெருங்கிய உறவினர் ஒருவர் இந்தச் சிகிச்சையில் இருப்பதால் இந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். மருத்துவர் எழுதியதை மறுக்கவில்லை. ஆயினும் மறுபக்கத்தில் உள்ளவற்றையும் இங்கே பதிவு செய்வது நேர்மை என்று தோன்றுகிறது.

தாய்லாந்து, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 430 பேரிடம் நடந்த ஸ்டகாட்டோ ஆய்வும் 2006இல்தான் வெளியானது. அதில் 350க்குக் கீழே இறங்கியதுமே மருந்தைத் தொடங்கினார்கள். 250 வரை காத்திருக்கவில்லை. மருந்துச் செலவில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மிச்சமாயிற்று. எவருக்கும் எய்ட்ஸ் நிலைக்குரிய பெரிய கேடு நேர்ந்ததாகத் தெரியவில்லை. வாயில் வெள்ளைப் படலம் போன்ற சிறு தொற்றுகள்தாம் கூடின. அடுத்து, 2016இல் வெளியான பிரீதர் ஆய்வில், 8 முதல் 24 வயது வரையிலான 199 பேரில் ஒரு பாதியினர் வாரத்தில் ஐந்து நாள் மட்டும் மாத்திரை எடுத்து இரண்டு நாள் விட்டார்கள். 48 வாரங்கள் கழித்தும் வைரஸ் அடங்கியிருந்ததில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரான்சில் 640 பேருக்கு மேல் கலந்துகொண்ட குவாட்டுவர் ஆய்விலோ வாரத்தில் நான்கு நாள்தான் மருந்து. அதிலும் ஏறத்தாழ 96 விழுக்காட்டினருக்கு வைரஸ் கட்டுக்குள் இருந்தது.

அப்படியிருக்க, இடைவெளி என்றாலே ஆபத்து என்று பொதுவாகச் சொல்லிவிடலாமா?

---

ஆலமரத்தடி

நெய்தல் அவர்களுக்கு நன்றி. இந்தக் கேள்வி வர வேண்டியதுதான். நீங்கள் தொகுத்தவற்றில் இருவேறு செயல்கள் ஒரே பெயரில் கலந்திருக்கின்றன. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் விடும்போது முந்தைய நாட்களின் மருந்து இரத்தத்திலும் செல்களுக்குள்ளும் இன்னும் இருக்கிறது. வைரஸ் தலையெடுப்பதற்குள் அடுத்த மாத்திரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது மருந்தின் அளவைக் குறைப்பதாகும். வாரக்கணக்கில் நிறுத்துவது வைரசைப் பெருக விடுவதாகும். மேலும் அந்த ஆய்வுகளில் குறிப்பிட்ட மருந்துகளை எடுத்து, ஏற்கெனவே வைரஸ் அடங்கியிருந்தவர்களையே சேர்த்தார்கள். அடிக்கடி வைரல் லோட் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பரிசோதனை செய்துகொள்ளும் ஒருவர் அதைத் தாமாக வீட்டில் செய்து பார்க்க முடியாது.

ஸ்டகாட்டோவைப் பொறுத்தவரை, உங்கள் துறையின் விடையே போதும் என்று நினைக்கிறேன். ஸ்மார்ட் ஆய்வில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம்தான் 55க்கும் 30க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. இறப்பு போன்ற அரிய நிகழ்வுகளின் வேறுபாட்டை 430 பேரிடம் தேடினால் அது தென்படாமல் போவதில் வியப்பில்லை.

இன்றும் மருந்தை நிறுத்திப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுக் குணத்திற்கு வழி தேடுபவர்கள், தாங்கள் கொடுத்த புதிய மருந்து வேலை செய்ததா என்று அறிய வேறு வழியின்றிச் சிலரிடம் ஏ.ஆர்.டி.யை நிறுத்துகிறார்கள். பங்கேற்பவரின் இரத்தத்தை வாரந்தோறும் அல்லது இரு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, வைரஸ் வரம்பை மீறியதும் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பிக் குழந்தை என்று பேசப்பட்ட சிறுமிக்கு, பிறந்த 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கப்பட்டுப் பின்னர் நின்றுபோய், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைரஸ் தென்படவே இல்லை. குணமாகிவிட்டதென்று உலகமே நம்பியது. 2014இல் அது திரும்பி வந்தது. நாம் எவ்வளவு பொறுமையான ஒன்றை எதிர்கொண்டிருக்கிறோம் என்பதை எனக்கு உணர்த்திய செய்தி அது.

---

வராகநதி

டாக்டர் ஐயாவுக்கும் தம்பி நொய்யலுக்கும் மற்றவர்களுக்கும் என் நன்றி. 597 என்ற அந்த எண்ணைப் பார்த்தவுடன் நான் போட்டு வைத்திருந்த கணக்கு சரிந்துவிட்டது. நிறுத்த மாட்டேன். ஆனால் என் சிக்கல் அப்படியே இருக்கிறது. அந்த வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பது, எப்போது போடுவது? நான் வழக்கமாக இரவு ஒன்பது மணிக்குப் போடுவேன். அந்த நேரத்தில் அங்கே எல்லோரும் கூடத்தில்தான் இருப்பார்கள். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன்: பச்சைக் குழந்தையைத் தூக்குவதிலும் குளிப்பாட்டுவதிலும் ஏதேனும் தவறு உண்டா? தெரிந்த விடைதான், இருந்தாலும் ஒருவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

---

பழைய கவுன்சிலர் (மறுமொழி 4)

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். எந்தத் தவறும் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், மடியில் போட்டுத் தூங்க வையுங்கள், முத்தம் கொடுங்கள். தொடுவதாலும் தூக்குவதாலும் இது பரவாது.

பன்னிரண்டு ஆண்டுகள் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலராக இருந்தேன். இடைவெளி கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் உண்மையில் கேட்டது மறைவுக்கான இடத்தைத்தான். திருமண வீடு, கோயில் விரதம், வெளியூர் வேலை, பிரசவம் என்று காரணங்கள் மாறும், அச்சம் ஒன்றே. ஆகவே மையத்தில் கடிந்துகொள்வார்கள் என்று தயங்காமல் கவுன்சிலரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். வைரஸ் அடங்கி நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே முறையில் கொடுக்க வழி உண்டு. பயண நாளைச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். அங்கே தங்கும் காலம் நீண்டுவிட்டால், உங்கள் பச்சைப் புத்தகத்தை (மையம் தந்த சிகிச்சைக் குறிப்பேட்டை) காட்டித் திருப்பூர் மையத்தில் இடைக்காலமாக மாத்திரை பெறலாம். புத்தகத்தை உடன் வைத்துக்கொள்ள அச்சமாக இருந்தால், முதல் பக்கங்களைப் படமெடுத்து மகளின் கைபேசியில் வைத்துவிட்டுப் போங்கள்; தேவைப்பட்டால் இரு மையங்களும் பேசிக்கொள்ள உங்கள் கவுன்சிலரிடம் கேட்கலாம். ஐயம் எழுந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலும் பேசலாம். உங்கள் நிலையை உங்கள் ஒப்புதலின்றி மையத்தில் எவரும் வெளியே சொல்லக்கூடாது என்பது 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டத்தின் விதி.

டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். மேலே ஒட்டிய தாளை வெந்நீரில் நனைத்த துணியால் ஊற வைத்து உரித்துவிடுங்கள். மூடி திறந்திருக்கும்போது செய்யாதீர்கள். மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் சிறு பொட்டலம் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைக்கப்பட்டது. அது மாத்திரையோடு இருக்க வேண்டும். தாளில்லாத அந்த டப்பாவை உங்கள் மகளின் பிரசவப் பொருட்கள் இருக்கும் பையில் அவரே வைத்துக்கொள்ளட்டும். பிரசவித்த பெண்ணின் பையை அந்த வீட்டில் வேறு எவரும் துழாவ மாட்டார்கள். மகளுக்கு உங்கள் நிலை தெரியும் என்பது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் பார்த்த பிற குடும்பங்களை வைத்துச் சொல்கிறேன்.

நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரையைக் காலையிலும் போடலாம். நாள்தோறும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இரவிலிருந்து காலைக்கு மாறும் முறையை மையத்தில் கேட்டுக்கொண்டு, இங்கிருக்கும்போதே ஒரு வாரம் பழகிவிட்டுப் புறப்படுங்கள். மகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நீங்களும் எடுப்பதாக இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். இதனோடு அவற்றைச் சேர்த்து விழுங்கும் முறைக்குத் தனி விதி உண்டு. காலையில் அந்த வீட்டில் முதலில் எழுபவர் யார்?

---

வராகநதி

நான்தான் எழுவேன். போன முறை சென்றிருந்தபோதும் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டது நான்தான். ஆறு மணி வரை அடுப்படியில் எவரும் இருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை மையத்திற்குப் போகிறேன்.